தொண்டு நிறுவனத்துக்கு எடுத்த படம் செய்திப் படம் ஆகுமா?

கேள்வி இதுதான். ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர் ஒருவரை ஒரு தொண்டு நிறுவனம் அகதி முகாமுக்கு அழைத்துப் போகிறது. விமான டிக்கெட், தங்குமிடம், நாள் கூலி எல்லாம் அவர்கள் செலவு. எடுக்கும் படங்களை ஆண்டறிக்கையிலும் நிதி திரட்டும் விளம்பரங்களிலும் அவர்கள் போட்டுக்கொள்வார்கள், பிறகு அவர் விரும்பினால் பத்திரிகைகளுக்கும் விற்றுக்கொள்ளலாம். அப்படியானால் அவர் செய்வது பத்திரிகை வேலையா, விளம்பர வேலையா? ஒரே ஆள் இரண்டையும் செய்யலாமா?

செய்யலாம், நிறையப் பேர் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் எந்தப் படம் எந்த வேலைக்காக எடுத்தது என்பதைக் கலந்துவிட்டால் இரண்டு வேலையுமே கெட்டுப்போகும். நான் பத்திரிகை போட்டோ டெஸ்க்கில் நெடுங்காலம் இருந்தவன். வெளியிலிருந்து வரும் படங்களை வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அங்கே அன்றாட வேலை. கோடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து ஒரே கேள்வி போதும்: பணம் கொடுத்த நிறுவனத்துக்குப் பாதகமான படம் ஒன்று உங்கள் மெமரி கார்டில் இருந்தால், அது வெளியே வருமா வராதா என்று முடிவெடுப்பது யார்? நீங்களும் பத்திரிகை ஆசிரியரும் என்றால் அது பத்திரிகை வேலை. நிறுவனம் என்றால் அது பிரச்சார வேலை. படம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் சரி, எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் சரி, அந்த நிறுவனம் எவ்வளவு நல்ல நிறுவனமாக இருந்தாலும் சரி.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலானவர்கள் கோட்டை வேறு இடங்களில் தேடுகிறார்கள். பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பவர் பத்திரிகையாளராக இருக்க முடியாது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அமெரிக்கப் போட்டோகிராபர் யூஜின் ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை கடலில் விட்ட பாதரசக் கழிவு மீன் வழியாக மக்கள் உடம்பில் ஏறி நரம்புகளைச் சிதைத்தது. ஸ்மித்தும் அவர் மனைவி அய்லீனும் 1971 முதல் மூன்று ஆண்டு அந்த ஊரிலேயே குடியிருந்து படமெடுத்தார்கள். 1972 ஜனவரியில் சிஸ்ஸோவின் இன்னொரு ஆலைக்கு நோயாளிகளோடு போனபோது அவரை அடித்துப் படுகாயப்படுத்தினார்கள். 1975இல் வந்த அவர்களுடைய புத்தகத்தின் ஆரம்பத்திலேயே, இது நடுநிலைப் புத்தகம் கிடையாது என்று ஸ்மித் எழுதிவிட்டார். அவர் யார் பக்கம் என்பதில் ஒளிவுமறைவே இல்லை. ஆனாலும் 1972 ஜூனில் லைஃப் இதழில் அந்தப் படங்கள் வந்தபோது எதைப் போடுவது, எதை விடுவது என்று முடிவு செய்தது ஆலையும் இல்லை, நோயாளிகள் அமைப்பும் இல்லை. பக்கம் சாய்வது வேறு, பிடியில் இருப்பது வேறு. மனசாட்சி உள்ளவன் அநியாயத்தைப் பார்த்தால் சாயத்தான் செய்வான், அதைச் சொல்லிவிட்டு வேலை பார்த்தால் வாசகர் அதற்குத் தக்கபடி எடுத்துக்கொள்வார்.

அடுத்த நினைப்பு இன்னும் பரவலானது. செய்திப் படம் என்றால் உண்மை, பிரச்சாரப் படம் என்றால் ஜோடித்தது என்பது. இதற்கு நேர் எதிரான ஆள் லூயிஸ் ஹைன். அமெரிக்காவில் தேசியக் குழந்தைத் தொழிலாளர் கமிட்டி என்ற அமைப்பு 1908இல் அவரை முழுநேரமாக வேலைக்கு வைத்தது. நூற்பாலைகள், சுரங்கங்கள், டப்பா மீன் தொழிற்சாலைகள் என்று நாடு முழுக்கச் சுற்றி வேலை செய்யும் குழந்தைகளைப் படமெடுத்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் தீயணைப்பு ஆய்வாளர் என்றும் பைபிள் விற்பவர் என்றும் சொல்லிக்கொண்டு நுழைவார். தன் கோட்டின் ஒவ்வொரு பொத்தானும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருப்பார். குழந்தை பக்கத்தில் வந்து நின்றதும் தலை எந்தப் பொத்தான் வரை வருகிறது என்று பார்த்து உயரத்தைத் தெரிந்துகொள்வார். பெயர், வயது, எத்தனை மணி நேர வேலை, என்ன கூலி எல்லாவற்றையும் பையில் ஒளித்து வைத்த குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். படத்தில் ஒரு சின்னத் திருத்தம்கூட இருக்கக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கறாராக இருந்ததற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. ஒரே ஒரு பொய் மாட்டினால் போதும், ஆலை முதலாளிகள் மொத்தத்தையும் பொய் என்று சொல்லிவிடுவார்கள். குழந்தைத் தொழிலுக்கு எதிராக 1916இல் மத்தியச் சட்டம் வந்து, 1918இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, 1938இல்தான் நிலையான சட்டம் வந்தது. அந்த நீண்ட போராட்டத்தில் ஹைனின் படங்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. அவர் செய்தது சந்தேகமே இல்லாமல் பிரச்சார வேலை, அவருடைய தரவு அந்தக் காலப் பத்திரிகைகள் பலவற்றைவிடச் சுத்தமானது.

ஹைன் பயந்தது இன்னொருவருக்கு நடந்தது. 1936இல் அமெரிக்க அரசின் மீள்குடியேற்ற நிர்வாகத்துக்காக வறட்சியைப் படமெடுக்கப் போன ஆர்தர் ராத்ஸ்டைன், தெற்கு டகோட்டாவில் வெடித்துக் கிடந்த நிலத்தில் ஒரு மாட்டு மண்டையோட்டைப் பார்த்தார். அதைச் சில அடி தூரம் நகர்த்தி வைத்து வெவ்வேறு பின்னணியில் எடுத்தார். அது தேர்தல் ஆண்டு. அதிபர் ரூஸ்வெல்டை எதிர்த்த பத்திரிகைகள் இரண்டு படங்களிலும் ஒரே மண்டையோடு இருப்பதைப் பிடித்துக்கொண்டு, வறட்சியே அரசாங்கம் ஜோடித்த நாடகம் என்கிற அளவுக்குப் போய்விட்டன. வறட்சி உண்மை. மாடுகள் செத்ததும் உண்மை. சில அடி நகர்த்தியதால் உண்மையைச் சொன்னவர்கள் தற்காப்பில் நிற்க வேண்டி வந்தது. நகர்த்துவது, நிற்க வைப்பது, ‘இன்னொரு தடவை அப்படியே நடந்து வாருங்கள்’ என்று கேட்பது எல்லாம் யார் சம்பளம் கொடுத்தாலும் ஆபத்துதான்.

சரி, இரண்டு பக்கமும் உண்மையாக இருக்க முடியும் என்றால் கோடு எதற்கு? எதைக் காட்டாமல் விடுகிறோம் என்பதற்காக. முகாமுக்கே வருவோம். அங்கே அந்த நிறுவனம் போட்ட தண்ணீர்க் குழாய் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு சிறுமி மஞ்சள் பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் பிடிக்கிறாள், வெயிலில் தண்ணீர் மின்னுகிறது, பின்னால் நிறுவனத்தின் லோகோ போட்ட தொட்டி. நல்ல படம், உண்மையான படம். மதியம் அதே குழாயில் காற்றுதான் வருகிறது. காலிக் கேன்களின் வரிசை வளைந்து வளைந்து கூடாரங்களுக்கு நடுவே போகிறது. முன்னால் இரண்டு பெண்கள் கேனைப் பிடித்து இழுக்கிறார்கள், லோகோ போட்ட பனியன் அணிந்த பணியாளர் ஒருவர் அவர்களைப் பார்த்துக் கத்துகிறார். இதுவும் உண்மையான படம்தான். நிறுவனத்தின் தகவல் தொடர்பு அதிகாரி மாலையில் இரண்டையும் பார்க்கிறார், முதல் படத்தை எடுத்துக்கொள்கிறார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை, அவருடைய வேலையே அதுதான். அவர் எடுத்துக்கொண்ட படத்தை மட்டும் செய்தி என்று பத்திரிகையில் பார்க்கும் வாசகர்தான் ஏமாறுகிறார்.

படத்துக்குக் கீழே எழுதும் கேப்ஷனில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். நிறுவனம் இப்படி எழுதும்: ‘உங்கள் உதவியால் இனி இவள் தண்ணீருக்காக வெகுதூரம் நடக்க வேண்டியதில்லை.’ அதே படத்துக்குச் செய்திக் கேப்ஷன் இப்படி இருக்கும்: ‘முகாமில் செவ்வாய்க்கிழமை காலை ஒரு சிறுமி தண்ணீர் பிடிக்கிறாள். குழாயில் ஒரு நாளில் சில மணி நேரமே தண்ணீர் வருவதாக இங்கே இருப்பவர்கள் சொல்கிறார்கள்.’ முதலாவது நன்கொடையாளரைப் பார்த்துப் பேசுகிறது, அந்தச் சிறுமியின் எதிர்காலத்துக்கே உத்தரவாதம் கொடுக்கிறது. இரண்டாவது நாளைச் சொல்கிறது, யார் சொன்ன தகவல் என்று சொல்கிறது, தெரிந்த இடத்தில் நின்றுவிடுகிறது. படம் எடுத்த கை ஒன்றுதான். டெஸ்க்கில் இருக்கும்போது படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேப்ஷனைப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்ததற்கு இதுதான் காரணம். படம் யார் வீட்டிலிருந்து வருகிறது என்று கேப்ஷன் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நீங்கள் முகாமுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே யாரைச் சந்திப்பீர்கள் என்பது பெரும்பாலும் முடிவாகியிருக்கும். பேசத் தயாரான ஒரு தாய், பள்ளிக்குத் திரும்பிய ஒரு பையன், தையல் மெஷின் வாங்கிய ஒரு விதவை. நிறுவனத்தின் ஆட்கள் அவர்களைத் தேர்ந்தெடுத்து, நேரம் குறித்து, மொழிபெயர்ப்பாளரோடு உட்கார வைத்திருப்பார்கள். பதிவேட்டில் பெயர் விடுபட்டு ரேஷன் கிடைக்காமல் போனவரை அந்தப் பட்டியலில் யாரும் சேர்க்கமாட்டார்கள். பத்திரிகை வேலை என்றால் அந்தப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, உங்களுக்கென்று ஒரு மொழிபெயர்ப்பாளரோடு, யாரும் அழைத்துப் போகாத கூடாரங்களுக்கு நடந்து போகும் சுதந்திரம் வேண்டும். அது இல்லாத பயணத்தில் நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கையில் கிடைப்பது அவர்கள் காட்டியது மட்டும்தான்.

பிரச்சார அமைப்புகள்தான் எல்லை மீறும், பத்திரிகைகள் காவல் நிற்கும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். 2017 டிசம்பரில் உலகம் முழுக்கச் சுற்றிய பனிக்கரடி வீடியோ நினைவிருக்கலாம். கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் எலும்பும் தோலுமாக ஒரு கரடி தள்ளாடிக்கொண்டே போகும். எடுத்தவர்கள் பால் நிக்லன், கிறிஸ்டினா மிட்டர்மையர், அவர்களுடைய சீலெகசி அமைப்பின் குழு. கடலைக் காப்பதற்காகவே அவர்கள் தொடங்கிய பிரச்சார அமைப்பு அது. நேஷனல் ஜியோகிராபிக் அந்த வீடியோவை வெளியிட்டபோது, பருவநிலை மாற்றம் இப்படித்தான் இருக்கும் என்ற பொருளில் மேலேயே வாசகம் போட்டது. அந்தக் குறிப்பிட்ட கரடி ஏன் பட்டினி கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. நோயாக இருக்கலாம், காயமாக இருக்கலாம், முதுமையாகவும் இருக்கலாம். 2018 ஆகஸ்டில் அந்த இதழே, அந்த ஒரு கரடியைப் பருவநிலை மாற்றத்தோடு அப்படித் திட்டவட்டமாக இணைத்தது அதிகப்படி என்று ஒப்புக்கொண்டது. மிட்டர்மையரும் நடந்ததை வெளிப்படையாக எழுதினார். கடல் பனி குறைவது உண்மை, பனிக்கரடிகள் வேட்டைக்கு அந்தப் பனியையே நம்பியிருப்பதும் உண்மை. ஆனால் ராத்ஸ்டைனின் மண்டையோடு செய்த அதே கெடுதலை இந்த ஒற்றை வரி செய்தது, பருவநிலை மாற்றத்தையே மறுப்பவர்களுக்கு ஓர் ஆயுதத்தைக் கொடுத்தது. அமைப்பு கொண்டுவந்ததைச் சரிபார்த்து, தெரிந்ததோடு நிறுத்த வேண்டிய இடத்தில் இருந்தது பத்திரிகை, அந்த வரியைச் சேர்த்ததும் பத்திரிகைதான்.

பிரச்சார அமைப்பே செய்தியாகிவிடும் சமயமும் வரும். 2012 மார்ச்சில் இன்விசிபிள் சில்ட்ரன் என்ற அமெரிக்க அமைப்பு உகாண்டாவின் கிளர்ச்சித் தலைவன் ஜோசப் கோனிக்கு எதிராக ஒரு வீடியோ வெளியிட்டது. ஒரு வாரத்துக்குள் அது 10 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. உடனே வேறொரு படமும் எல்லா இடத்திலும் பரவ ஆரம்பித்தது: அந்த அமைப்பின் நிறுவனர்கள் தெற்கு சூடான் படையினரோடு துப்பாக்கிகளைக் கையில் பிடித்துக்கொண்டு போஸ் கொடுக்கும் படம். 2008இல் க்ளென்னா கோர்டன் என்ற செய்திப் புகைப்படக்காரர் எடுத்தது. அவர் அந்த அமைப்பின் கூலியில் போயிருந்தால் அந்தப் படம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் அதை அழித்திருக்கமாட்டார் என்றே நம்புவோம், ஆனால் வெளியிடும் உரிமை அவரிடம் இருந்திருக்குமா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. போர் நடக்கும் இடத்துக்கு, பஞ்சம் வந்த இடத்துக்கு, வேறு வழியில் போகவே முடியாதே? உண்மைதான். 1993 மார்ச்சில் போட்டோகிராபர் கெவின் கார்ட்டர் சூடானின் அயோத் கிராமத்துக்கு ஐ.நா.வின் நிவாரண விமானத்தில்தான் போனார். அங்கே அவர் எடுத்த, கழுகு பின்னால் காத்திருக்கக் குழந்தை சுருண்டு கிடக்கும் படம் நியூயார்க் டைம்ஸில் வந்து அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு வாங்கியது. உணவு மையம் பக்கத்திலேயே இருந்தது, படத்தில் அது இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்தவர்கள் குழந்தைக்கு என்ன ஆனது என்று கேட்டுக் குவித்தார்கள், பத்திரிகை சில நாட்களில் ஆசிரியர் குறிப்புப் போட வேண்டியிருந்தது. நிவாரண விமானத்தில் இடம் வாங்குவது தவறில்லை. விமானத்தில் ஏற்றியவர் எந்தப் படத்தைப் போடுவது என்று சொல்லாத வரை அது போக்குவரத்து மட்டுமே. ஆனால் எந்த ஊரில் இறக்கிவிட்டார்கள், எத்தனை மணி நேரம் கொடுத்தார்கள், எந்த ஊருக்குப் போக மறுத்தார்கள் என்பதெல்லாம் கதையின் பகுதி. யாரோடு போனோம் என்று ஒரு வரி எழுதுவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. அதை மறைத்து, தானாகவே போய்ச் சேர்ந்த மாதிரி எழுதுவதுதான் எனக்குப் பிடிக்காதது.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது, படத்தில் இருப்பவரின் சம்மதம். இதில் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். 1984 எத்தியோப்பியப் பஞ்சத்தில் ஈ மொய்க்கும் குழந்தைகளின் முகங்களை வைத்துப் பெருமளவில் நிதி திரட்டிய பிறகு, இது சரியா என்று அந்தத் துறைக்குள்ளேயே கேள்வி எழுந்தது. 1989இல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் படங்களுக்கும் செய்திகளுக்கும் தனி நடத்தை விதி வகுத்தன. 1994இல் வந்த செஞ்சிலுவை, செம்பிறை இயக்கத்தின் நடத்தை விதியில் பத்தாவது அம்சமே, விளம்பரங்களில் பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களைக் கதியற்ற பொருள்களாகக் காட்டாமல் கண்ணியமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்பதுதான். இன்றைக்குப் பல நிறுவனங்கள் குழந்தைகள் படத்தில் பத்திரிகைகளைவிடக் கண்டிப்பாக இருக்கின்றன. பெயரை மாற்றுகின்றன, ஊரைச் சொல்வதில்லை, சம்மதப் படிவம் வாங்குகின்றன.

ஆனால் அந்தப் படிவம் எப்படிக் கையெழுத்தாகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு தாய் மாவு மூட்டைக்காக வரிசையில் நிற்கிறாள். மாவு கொடுக்கிற நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒருவர், கேமராவோடு வந்த இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொன்னால் அடுத்த மாதம் பட்டியலில் பெயர் இருக்குமா என்ற பயம் அவளுக்கு வராதா? அப்படி நடக்காது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியலாம், அவளுக்கு எப்படித் தெரியும்? அங்கே வாங்கும் கைரேகை சட்டத்துக்குப் போதும், என் மனசுக்குப் போதாது. உதவி கொடுத்து முடித்த பிறகு, உதவியோடு தொடர்பில்லாத ஆள், அவளுடைய மொழியில், இந்தப் படம் எங்கெல்லாம் வரும், எத்தனை காலம் வரும், வேண்டாம் என்றாலும் உதவி நிற்காது என்று சொல்லிக் கேட்க வேண்டும். இதைச் செய்கிற நிறுவனங்கள் இருக்கின்றன, அவர்களோடு வேலை செய்யுங்கள்.

செய்தித்தாளில் வந்த படம் மறுநாள் பழசாகிவிடும், பிரச்சாரப் படம் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். நிறுவனத்தின் பட நூலகத்துக்குள் போனால், காய்ச்சலில் கிடந்த குழந்தையின் முகம் சில ஆண்டு கழித்து வேறு எதற்கோ நிதி கேட்கும் போஸ்டரில் வந்து நிற்கலாம். டோரதியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த புலம்பெயர்ந்த தாயின் படம் இப்படித்தான் கைமீறிப் போனது. ராத்ஸ்டைன் வேலை செய்த அதே அரசு அமைப்புக்காக எடுத்தது. சான் பிரான்சிஸ்கோ நியூஸ் பத்திரிகையில் செய்தியாக வந்து, அந்த முகாமுக்கு உணவும் வந்து சேர்ந்தது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து போய்விட்டது. லாங்கே பெயர்கூடக் கேட்கவில்லை. 1978இல்தான் அந்தப் பெண் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். மினமாட்டாவில் தாய் தன் மகளைக் குளிப்பாட்டும் அந்தப் புகழ்பெற்ற படத்தையோ, 1990களின் இறுதியில் பெற்றோரின் விருப்பத்தை மதித்து, இனிப் புதிதாக வெளியிடுவதில்லை என்று அய்லீன் ஸ்மித் முடிவு செய்தார். செய்தி, பிரச்சாரம் இரண்டு பக்கத்திலும் இப்படி நடந்துகொண்டவர்கள் ரொம்பக் குறைவு.

இரண்டு வேலையையும் வெளிப்படையாகச் செய்து காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. பிரேசில் போட்டோகிராபர் செபஸ்தியாவோ சல்காடோ 1984, 85இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போடு ஆப்பிரிக்காவின் சாஹெல் பஞ்சப் பகுதியில் மாதக்கணக்கில் வேலை செய்தார், புத்தகம் அந்த அமைப்பின் பணிக்காகவே வந்தது. யாரும் அதைத் தற்செயலாகக் கிடைத்த செய்திப் படம் என்று விற்கவில்லை. மார்கஸ் ப்ளெஸ்டேல் காங்கோவில் எடுத்த படங்கள் 2005இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு வெளியிட்ட தங்கச் சுரங்க அறிக்கையோடு சேர்ந்து வந்தன. அதைத் தொடர்ந்து மெட்டலார் என்ற ஸ்விட்சர்லாந்து தங்கச் சுத்திகரிப்பு நிறுவனம், காங்கோத் தங்கம் வந்து சேரும் உகாண்டாவிலிருந்து தங்கம் வாங்குவதை நிறுத்தியது. ஒரு பத்திரிகைக் கட்டுரை தனியாக இதைச் சாதித்திருக்குமா என்பது சந்தேகம். அதனால் பிரச்சாரம் மட்டம், செய்தி உசத்தி என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. ஒன்றை இன்னொன்றின் பெயரில் விற்பதுதான் பிரச்சினை.

கோடு மங்கலாகிற ஒரு வழக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் என் நிலை இரண்டு வாக்கியமாக இருக்கிறது. டெனிஸ் சின்யகோவ் ராய்ட்டர்ஸ் செய்தி முகமையில் வேலை பார்த்த ரஷ்யப் போட்டோகிராபர். 2013 செப்டம்பரில் ஃப்ரீலான்சராக, கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்காக ஆர்க்டிக் சன்ரைஸ் கப்பலில் போனார். கடலுக்கு நடுவே இருந்த பிரிராஸ்லோம்னயா எண்ணெய் மேடையில் ஏற முயன்ற போராட்டக்காரர்களோடு சேர்த்து, கப்பலில் இருந்த 30 பேரையும் ரஷ்யா கைது செய்தது. முதலில் போட்ட குற்றச்சாட்டு கடற்கொள்ளை. முர்மான்ஸ்க் நீதிமன்றக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, தான் செய்தது பத்திரிகைப் பணி என்றார் அவர். ரஷ்யச் செய்தித் தளங்கள் சில தங்கள் பக்கங்களில் படங்களுக்குப் பதிலாகக் கறுப்புக் கட்டங்களைப் போட்டு எதிர்ப்புத் தெரிவித்தன. நவம்பரில் ஜாமீன் கிடைத்து, பொதுமன்னிப்பு வந்த பிறகுதான் விவகாரம் முடிந்தது. கேமராவைத் தவிர வேறு எதையும் தூக்காத ஒருவரைச் சிறையில் போட்டது அநியாயம், பத்திரிகையாளருக்கு உரிய பாதுகாப்பு அவருக்கும் உரியது. அதே நேரத்தில் அந்தப் பயணத்தில் எடுத்த படம் பத்திரிகையில் வந்தால் பக்கத்தில் கிரீன்பீஸ் பெயர் இருந்தே ஆக வேண்டும். ஒன்று அந்த மனிதரின் உரிமை, இன்னொன்று வாசகரின் உரிமை. இவை மோதுவதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது பணம். பத்திரிகைகள் வெளிநாட்டு அலுவலகங்களை மூடிவிட்டன, போட்டோகிராபருக்கு மாதக்கணக்கில் செலவு செய்து அனுப்பும் காலம் பெரும்பாலும் போய்விட்டது. நல்ல ஃப்ரீலான்சர்கள் பலருக்குச் சோறு போடுவது தொண்டு நிறுவன வேலைதான். அப்படிக் கிடைத்த காசில்தான் தங்கள் சொந்தச் செய்தித் தொடர்களை முடிக்கிறார்கள். அதே பத்திரிகைகள்தான் நிறுவனங்கள் இலவசமாக அனுப்பும் படங்களை வாங்கிப் போட்டுவிட்டு, கிரெடிட்டில் போட்டோகிராபர் பெயரை மட்டும் போடுகின்றன. செய்தி முகமைகளுக்கு இதற்கென்று ஒழுங்கு இருக்கிறது. வெளியார் கொடுத்த படத்தை ‘ஹேண்ட்அவுட்’ என்று குறித்து, கொடுத்தவர் பெயரோடுதான் அனுப்புவார்கள். அந்தக் குறியை வடிவமைப்பு மேசையில் இடம் போதவில்லை என்று வெட்டிவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் சண்டை போட்டிருக்கிறேன். அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் சங்கத்தின் நெறிமுறை, செய்தியின் போக்கை மாற்ற விரும்பக்கூடியவர்களிடம் பரிசோ சலுகையோ பணமோ வாங்கக் கூடாது என்கிறது. எழுத்துப்படி பார்த்தால் உங்கள் முகாம் பயணம் அதில் அப்படியே மாட்டும்.

ஆகவே இப்படி ஒரு வாய்ப்பு உங்களுக்கு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், விளம்பர வேலை என்று தெரிந்தே ஏற்றுக்கொள்ளுங்கள். முழுக் கூலி கேளுங்கள், நல்ல காரியத்துக்காக என்று கூலியைக் குறைக்க வேண்டாம். காப்புரிமை உங்களிடமே இருக்கட்டும், அவர்களுக்கு எத்தனை ஆண்டு, என்னென்ன பயன்பாடு என்று எழுதி வாங்குங்கள். உங்கள் கேப்ஷனில் உள்ள தகவலை உங்களைக் கேட்காமல் மாற்றக் கூடாது, வேறொரு பிரச்சாரத்துக்கு அந்த முகங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் முனகுவார்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஒவ்வொரு படத்தின் மெட்டாடேட்டாவிலும், அதாவது படக் கோப்புக்குள்ளேயே சேர்ந்து போகும் தகவலில், சிறப்புக் குறிப்பு என்ற கட்டத்தில், எந்த நிறுவனத்தின் செலவில் எடுத்தது என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள். அப்புறம் எழுதலாம் என்று விட்டால் யாரும் எழுதுவதில்லை.

பத்திரிகைக்கு அனுப்புவதாக இருந்தால், படத்தை அனுப்பும் அதே மின்னஞ்சலின் முதல் வரியில் யார் செலவு, யார் தேர்வு, எது உங்களுக்குக் காட்டப்படவில்லை என்று சொல்லுங்கள். சில ஆசிரியர்கள் வேண்டாம் என்பார்கள், அது அவர்கள் உரிமை. வாங்குகிறவர் நிறுவனத்தின் பெயரையும் போடுவாரா என்று கேட்டு, போடமாட்டேன் என்றால் கொடுக்காதீர்கள். வறண்ட குழாயின் படம் உங்களுக்குக் கிடைத்து, நிறுவனம் அதைத் தடுத்தால், ஒப்பந்தத்தை மீறிக் கள்ளத்தனமாக வெளியிடாதீர்கள். ஆனால் பார்த்ததை ஒரு நிருபரிடம் சொல்லலாம், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவரை அதைத் தடுக்க அவர்களால் முடியாது. அப்படி ஒரு ரகசிய ஒப்பந்தத்தை அவர்கள் நீட்டினால், அந்த வேலைக்குப் போக வேண்டாம். முகாமைப் பற்றிச் செய்தியாகவே செய்ய வேண்டும் என்று தோன்றினால் சில மாதம் கழித்து உங்கள் செலவிலோ, பத்திரிகையின் செலவிலோ, நிபந்தனை இல்லாத உதவித்தொகையிலோ திரும்பிப் போங்கள். அப்போது வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளுங்கள்.